மருந்துகளில் கடைசியானது: முதுகு, கழுத்து வலிக்கான ரேடியோ அலை சிகிச்சை

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், மஃரிபு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தார் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

 

 

இன்று நான் பேசவிருப்பது வழக்கமான பயான் அன்று. சற்று முன்னர் செயலாளர் அவர்கள் வாசித்தளித்த வரவு செலவு அறிக்கையில், பைத்துல்மால் மருத்துவ உதவிக் கணக்கில் 25,000 ரூபாய் தனியாகக் காட்டப்பட்டிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயாரின் முதுகுவலிச் சிகிச்சைக்காக வழங்கப்பட்ட தொகை அது. அந்த விண்ணப்பத்தில் பரிந்துரைக் கையொப்பமிட்டவன் நான். கையொப்பமிடுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கவில்லை. இதனைச் சபை முன்னிலையில் ஒப்புக்கொள்வது என் மீது கடமையாகிறது.

அத்தாயாருக்கு ஆறாண்டுகளாக முதுகுவலி. மகன் ஆட்டோ ஓட்டுகிறார். "ஹஸ்ரத், ஊசி போடுற மாதிரிதானாம். கரண்டு வச்சு நரம்பைச் சுட்டுட்டா அப்புறம் வலியே தெரியாதாம்" என்று சொல்லிக்கொண்டு அவர் வந்தார். நகரத்து மருத்துவமனை ஒன்றில் முதல் நாளே ஸ்கேன் எடுத்து, அடுத்த வாரத்திற்குத் தேதியும் குறித்துக் கொடுத்திருந்தனர். பைத்துல்மால் தொகை போதாமல் தாயாரின் காதணியை அடகு வைத்தார். சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் கடந்தும் வலி இருந்த இடத்திலேயே இருந்தது. "உம்மாவுக்கு நஸீபு இல்லை போலும்" என்று அவர் சொன்னபோது நானும் தலையசைத்தேன். நஸீபு என்று சொல்லி முடித்துவிடும் உரிமை எனக்கு இருக்கவில்லை என்பது பின்னரே புரிந்தது.

புரிந்தது எப்படியென்றால், என் கழுத்துவலியால். உலமாக்களுக்கு இக்கதை புதிதன்று. ஏழாண்டுகள் தரையில் அமர்ந்து, தாழ்ந்த பலகையின் மீது கிதாபை விரித்து, தலைகவிழ்ந்து ஓதியவர்கள் நாங்கள். நாற்பது வயதைத் தாண்டியதும், தொழுகையின் முடிவில் வலப்புறம் ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பினால் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை கம்பியை இழுப்பது போல வலிக்கத் தொடங்கியது. பின்னால் நிற்போர் அறியாதிருக்கத் தோளையும் சேர்த்துத் திருப்பிவிடுவேன். நெஞ்சு கிப்லாவை விட்டுத் திரும்பலாகாது என்று மக்தபில் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவனும் நானே! இறுதியில் வலிநிவாரண மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவரும் ஆர்.எஃப். என்றே பேச்சைத் தொடங்கினார். ஆனால் தேதி குறிக்கவில்லை. அமர வைத்து, அரை மணி நேரம் விளக்கினார். அவரிடம் கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் முதுகெலும்பு, முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற அமைப்புடையது. எலும்புகளின் முன்பகுதிகளுக்கு இடையே இருப்பது நாம் ஜவ்வு என்று சொல்லும் வட்டு. பின்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு சிறு மூட்டுகள் உண்டு. ஃபேசட் மூட்டு என்பர். முழங்கால் மூட்டு தேய்வது போலவே இவையும் தேயும். விபத்தில் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டாலும் காயமுறும். இம்மூட்டுகளின் வலியை எடுத்துச் செல்வது நூலிழை போன்ற நரம்புக் கிளைகள். ஒவ்வொரு மூட்டுக்கும் அத்தகைய இரண்டு கிளைகள். கைகால்களுக்குச் செல்லும் பெரிய நரம்புகள் வேறு, இவை வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அத்தாயாரின் விஷயம் இங்கேதான் தவறியது.

சிகிச்சையின் பெயரில் ரேடியோ என்ற சொல் இருப்பதால், ஏதோ கதிரை உடம்புக்குள் பாய்ச்சுவதாகச் சிலர் அஞ்சுகின்றனர். அப்படியன்று. ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை அலைவுறும் மின்னோட்டம் அது. மீடியம் வேவ் வானொலியின் அலைவரிசையை ஒட்டியது என்பதால் அப்பெயர். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்துகின்றனர். ஊசியின் உடல் முழுவதும் மின்காப்பு உறை; நுனி மட்டுமே திறந்திருக்கும். தொடையிலோ வேறிடத்திலோ ஒட்டிய ஒரு தகடு வழியாக மின்னோட்டம் திரும்பிச் செல்லும். நுனியைச் சுற்றியுள்ள தசை, நரம்பு ஆகியவற்றின் நுண்துகள்கள் அதிர்ந்து உரசுவதால் வெப்பம் பிறக்கிறது. இரும்பைக் காய்ச்சி வைப்பது போன்றதன்று. வெப்பம் உடலின் உள்ளேயே உண்டாகிறது. பெரும்பாலும் 80 டிகிரி அளவில், ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை. அதற்கு முன் சிறிய மின்னோட்டம் விட்டுப் பார்ப்பார்கள். கால் துடித்தால் ஊசி பெரிய நரம்பின் அருகே இருக்கிறதென்று பொருள். உடனே இடம் மாற்றுவார்கள். இதன் பொருட்டே பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. அன்றே வீடு திரும்பலாம்.

சுட்ட நரம்பு என்றென்றைக்கும் செத்துவிடுவதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல மீண்டும் வளர்கிறது. பலன் பெறுவோருக்கு ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆறுதல் கிடைக்கிறது, பிறகு வலி திரும்பலாம், திரும்பவும் செய்யலாம். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். செய்தி கொண்டு செல்பவனைத்தான் சிறிது காலம் நிறுத்தி வைக்கிறார்கள். செய்த சில நாட்கள் வலி முன்னிலும் கூடுதலாக இருப்பதுண்டு. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். கழுத்தின் மேற்பகுதியில் செய்தால் பிடரி மரத்துப்போவதும் சில நாட்கள் நடையில் தடுமாற்றம் தோன்றுவதும் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்போர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தாக வேண்டும்.

42 டிகிரியைத் தாண்டாமல் விட்டுவிட்டு மின்னோட்டம் செலுத்தும் மற்றொரு முறையும் உண்டு. அதில் நரம்பு சுடப்படுவதில்லை. இரண்டையும் ஆர்.எஃப். என்றே அழைப்பதால் மக்கள் குழம்புகின்றனர். உங்களுக்குச் செய்யவிருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மார்க்கப் பக்கம் வருகிறேன். சூடு போட்டுக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்களே, இது கூடுமா என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். நல்ல கேள்வி. தேன் அருந்துதல், இரத்தம் குத்தி எடுத்தல், நெருப்பால் சூடிடுதல் ஆகிய மூன்றில் நிவாரணம் உண்டென்று கூறிய நபியவர்கள், சூடிடுவதை மட்டும் தம் உம்மத்துக்குத் தடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அதே வேளையில், அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் இரத்தம் நிற்க நபியவர்களே சூடிட்டார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கு மருத்துவர் ஒருவரை அனுப்பி, அவர் இரத்தநாளத்தை அறுத்துச் சூடிட்டார் என்றும் முஸ்லிமில் வருகிறது. இவற்றுள் முரண் இல்லை என்று இப்னுல் கையிம் (ரஹ்) விளக்கியுள்ளார். செய்தது கூடும் என்பதைக் காட்டும். விரும்பாமை தடையைக் காட்டாது. விட்டவரைப் புகழ்ந்தது விடுவதன் சிறப்பைக் காட்டும். தடுத்தது தேவையின்றி அவசரப்படுவதை நோக்கியதாகும்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. மூலநோயால் துன்புற்று, தொழுவது எவ்வாறென்று கேட்டு, நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை நமக்கெல்லாம் பெற்றுத் தந்த ஸஹாபி அவர். இன்று நம் பள்ளியின் பின்வரிசையில் போடப்பட்டுள்ள நாற்காலிகளுக்கெல்லாம் ஆதாரம் அந்த ஒரு கேள்விதான். அவரே நோயின் கடுமையால் சூடிட்டுக்கொண்டு, அதனால் தமக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை என்று பின்னர் வருந்திக் கூறியதும் பதிவாகியுள்ளது. சூடு சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. அன்றும் அப்படித்தான்.

நம் முன்னோர் சூட்டைக் கைவிடவுமில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவீ தம் மருத்துவ நூலின் முப்பதாம் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கு ஒதுக்கி, அதன் முதற்பகுதி முழுவதையும் சூட்டுக்கோல் பற்றியே எழுதினார். அரபுகளிடையே ஒரு பழமொழி வழங்குகிறது: மருந்துகளில் கடைசியானது சூடு. இன்றைய சிகிச்சை தோலைக் கரிக்காது, வேதனை தராதவாறு மரக்கச் செய்து செய்யப்படுகிறது என்பதால் பழைய சூட்டோடு முற்றிலும் ஒன்றாகாது. ஆயினும் அப்பழமொழியின் வரிசை இதற்கும் பொருந்தும் என்பது என் கருத்து. தேவையுடையோருக்கு இது கூடும். முதல் மருந்தாக இதை நாடுவது முறையன்று. (நம் கிராமங்களில் மஞ்சள்காமாலைக்குப் பச்சிளம் குழந்தையின் வயிற்றில் கம்பி காய்ச்சி வைக்கிறார்களே, அதற்கு இவ்வாதாரங்களைக் கொண்டுவராதீர்கள். அது ஹராமான கொடுமை.)

இனி, இது உண்மையிலேயே பயன்தருமா? மருத்துவ உலகில் கடும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. 1970-களில் அமெரிக்காவின் நார்மன் ஷீலி ஃபேசட் மூட்டு வலிக்கு இதைக் கையாண்டார். 1996-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், நிக்கோலாய் போக்டுக் உள்ளிட்டோர், வாகன விபத்தால் நெடுங்காலக் கழுத்துவலி கொண்ட 24 பேரைத் தேர்ந்தெடுத்தனர். பாதிப்பேருக்கு ஊசியை 80 டிகிரிக்குச் சூடாக்கினர். மீதிப்பேருக்கு அதே ஊசி, அதே ஏற்பாடு, ஆனால் வெப்பம் 37 டிகிரி, அதாவது உடற்சூடுதான். வலி மீண்டும் பாதியளவுக்குத் திரும்ப, முதல் பிரிவில் நடுத்தரமாக 263 நாட்கள்; இரண்டாம் பிரிவில் 8 நாட்கள். வியக்கத்தக்க வேறுபாடு. ஆனால் 2017-ல் நெதர்லாந்தில் நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 681 பேரிடம் ஆராய்ந்தபோது, உடற்பயிற்சி மட்டும் செய்தோருக்கும், பயிற்சியோடு இச்சிகிச்சையும் பெற்றோருக்கும் மூன்று மாத முடிவில் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நாம் ஃபிக்ஹில் படித்ததுதான் இங்கும். இரு இமாம்கள் மாறுபட்டால், மஸ்அலாவின் வடிவம் இரண்டிலும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியர்கள் அந்த 24 பேரை எடுத்தவுடன் சேர்த்துக்கொள்ளவில்லை. சந்தேகத்திற்குரிய மூட்டின் நரம்பருகே சில துளி மரப்பு மருந்தை வெவ்வேறு முறை செலுத்திப் பார்த்தனர். ஒருமுறை வெறும் உப்புநீரையும் செலுத்தினர். மருந்துக்கு வலி தணிந்து, உப்புநீருக்குத் தணியாதவர்களையே ஏற்றனர். நெதர்லாந்தில் ஒரே முறை சோதித்துச் சேர்த்தனர் என்பது அந்த ஆய்வைக் குறைகூறுவோரின் வாதம். எனினும் நம் ஊர்களில் இச்சிகிச்சை நடைபெறுவது எந்த வகையை ஒத்திருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். அந்த ஒருமுறைச் சோதனைகூட நடக்காத இடங்கள் உண்டென்பதை அத்தாயாரின் கோப்பில் கண்டேன்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்புவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி பத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, சோதனை ஊசியில் தணிந்தவர்களுக்கே இதைக் கருதலாம் என்றது. 2025-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கடுமையானது: நாள்பட்ட முதுகுவலிக்கு இதைச் செய்யாதிருக்கவே பரிந்துரைத்தது. வலிநிவாரண மருத்துவர்களின் அமைப்புகள் அதனை மறுத்தன. இவ்விரு தரப்பாரிடையே தீர்ப்பளிக்கும் தகுதி இமாமுக்கு இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. இதை ஆதரிப்போரே சோதனையின்றிச் செய்யச் சொல்லவில்லை.

ஸ்கேன் ஒன்றே போதாதா என்பீர்கள். போதாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்ததாக 2015-ல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. நரைத்த முடியைப் போன்றது அது. படத்தில் தேய்மானம் தெரிவதால் வலி அங்கிருந்துதான் வருகிறதென்று முடிவுகட்ட இயலாது.

என் கதைக்குத் திரும்புகிறேன். முதல் சோதனை ஊசி போட்ட அன்று அஸர் தொழுகையில் வலமும் இடமும் வலியின்றி ஸலாம் கொடுத்தேன். கண்கள் கலங்கிவிட்டன. சிகிச்சைக்கு நாள் கேட்டேன். மருத்துவர் மறுத்தார். "ஒரு சாட்சி போதாது ஹஸ்ரத். இன்னொரு நாள் பார்ப்போம்" என்றார். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் சாட்சியச் சட்டத்தை எனக்கு நினைவூட்டினார்! இரண்டு வாரம் கழித்து இரண்டாம் ஊசி. அன்று வலியில் எள்ளளவும் மாற்றமில்லை. முதல் நாள் கிடைத்தது என் ஆவலின் ஆறுதலாக இருக்கலாம். பலருக்கு அப்படி நேர்வதுண்டாம். உங்களுக்கு இது உதவாது, பணத்தைச் செலவழிக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார். அன்று அவர்மீது மனத்தாங்கலோடு திரும்பினேன் என்பதை மறைக்கவில்லை. பிசியோதெரபியில் சொல்லித்தந்த கழுத்துப் பயிற்சிகளைத் தினமும் செய்கிறேன். கிதாபைக் கண்மட்டத்திற்கு உயர்த்தி வைத்துப் படிக்கிறேன். வலி பாதியாகியுள்ளது. முழுதும் போகவில்லை.

இச்சிகிச்சை எவருக்கும் பலிப்பதில்லை என்று இதிலிருந்து எவரும் முடிவுசெய்ய வேண்டாம். மண்டியில் மூட்டை தூக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். இரண்டு சோதனைகளிலும் வலி தணிந்த பிறகே அவருக்குச் செய்தார்கள். இரண்டாண்டுகளாக நாற்காலியில் தொழுதவர் முதல் ஸஃப்பில் வந்து நின்றார். பதினோராம் மாதம் வலி திரும்பியது. கடந்த ஷவ்வாலில் மீண்டும் செய்துகொண்டார். நடுவில் கிடைத்த மாதங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தால் இன்னும் நீடித்திருக்கக்கூடும் என்று அவரே என்னிடம் கூறினார். தொழுகையே போதிய உடற்பயிற்சி என்று மேடைகளில் சொல்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். தொழுகை இபாதத். பயிற்சியைப் பயிற்சியாகச் செய்யுங்கள்.

அத்தாயாரின் வலி இடுப்பில் தொடங்கித் தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்குகிறது. ஜவ்வு பெரிய நரம்பை அழுத்துவதால் வரும் வலி அது என்று இப்போது வேறொரு மருத்துவர் கண்டறிந்துள்ளார். ஃபேசட் மூட்டின் நூலிழை நரம்பை எத்தனை முறை சுட்டாலும் அவ்வலி தீராது. இன்னொன்றையும் இடையே சொல்லிவிடுகிறேன். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். சிறுநீர் அடக்க முடியாமற்போனாலோ, அமரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலவீனமடைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஆர்.எஃப். பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

தாய்க்கு இச்சிகிச்சையைச் செய்விக்க இயலாமற்போனதால் பாவியாகிவிட்டோமோ என்று சிலர் மனம் வெதும்புகின்றனர். பலன் உறுதியில்லாத சிகிச்சையை விட்டவர் குற்றவாளியாகார் என்பது நம் ஃபுகஹாக்களின் கூற்று. கடன்பட்டாவது செய்தாக வேண்டும் என்று எவரும் உங்களை நெருக்க இடங்கொடாதீர்கள்.

நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு மருத்துவ உதவி விண்ணப்பத்தில் ஒரு பக்கம் சேர்க்கப்பட்டுள்ளது. முதுகு, கழுத்து வலிச் சிகிச்சைக்கு உதவி கோருவோர், வலி காலுக்கோ கைக்கோ இறங்குகிறதா, பயிற்சியும் மருந்தும் எத்தனை மாதம் முயன்று பார்க்கப்பட்டன, சோதனை ஊசி எத்தனை முறை போடப்பட்டு என்ன தெரிந்தது என்பவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். எழுதித்தர மறுக்கும் இடத்திற்கு நம் பணம் செல்லாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். இஷாவுக்குப் பின் அலுவலக அறையில் இருப்பேன்.

காதணி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். என் கையொப்பத்தால் ஏற்பட்ட கடன் இது. அதை மீட்டுக் கொடுப்பது பற்றிய தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைத்து அமர்கிறேன்.